இரும்பு ஆறும் வரை

முள் நாற்பத்தொன்றில் திரும்பியது. தெய்வானை துளை அளக்கும் கேஜை வெளியே எடுத்தாள், அதன் காலைத் துணியால் துடைத்தாள், அளவு சரியாக எண்பது உள்ள மாஸ்டர் ரிங்குக்குள் விட்டுப் பார்த்தாள், அங்கே முள் நேராகப் பூஜ்யத்தில் வந்து நின்றது, மறுபடி ஹவுசிங்கின், பேரிங் உட்காருகிற அந்த இரும்புக் கூட்டின், துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் ஆட்டினாள். ஆட்டும்போது முள் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் திரும்பும், திரும்புகிற இடம்தான் அளவு, முதல் தடவை பார்த்தபோதும் நாற்பத்தொன்று, இரண்டாம் தடவையும் அதே சனியன் நாற்பத்தொன்று. முப்பதுக்குள் இருந்திருக்க வேண்டும். எண்பது மில்லிமீட்டர் துளை, அதற்கு மேல் முப்பது மைக்ரான் வரை பெரிசாக இருக்கலாம், முப்பத்தொன்று என்றால் வேண்டாம் என்று விடுவார்கள், பேரிங் உள்ளே பிடிப்பில்லாமல் சுற்றும். பதினொரு மைக்ரான் கூட. ஒரு தலைமுடியை ஏழாகக் கிழித்தால் அதில் ஒரு கீற்று. துளை சின்னதாகப் போயிருந்தால் இன்னொரு தரம் ஓட்டிப் பெரிசாக்கலாம், பெரிசானதைச் சின்னதாக்க எந்த டூலும் கிடையாது, சீவின இரும்பு கறுப்புத் தூளாகக் கீழே தட்டில் கிடக்கிறது, அதை அள்ளி ஒட்டவா முடியும். மூன்று மெஷினில் ஏழு நாள் வேலை பார்த்து, கடைசியாக இந்த ஒரு துளைக்காக அவளிடம் வந்த ஹவுசிங்.

“என்ன அம்மிணி, கேஜை வெச்சு ஊஞ்சல் ஆட்டிட்டு நிக்கறே?” என்று சூப்பர்வைசர் குணசீலன் பின்னால் வந்து நின்றார்.

“நாப்பத்தொண்ணு சார்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம். ஹவுசிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார், பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். “காய்ச்சலாட்டம் சுடுது. ரஃப் ஓட்டுன கையோட ஃபினிஷும் ஓட்டிட்டயா?”

“ஆமாங் சார்.”

“ஆறட்டும். ஆறுனா சுருங்கும். ஒரு மணிக்குப் பாக்கலாம். அதுவரைக்கும் டூலைக் கழட்டாதே, டயலைத் தொடாதே, சும்மா நில்லு. சும்மா நிக்க வருமா உனக்கு?”

“வராதுங் சார்.”

“அது தெரியும்” என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த பெடஸ்டல் ஃபேனை அவரே இழுத்து வந்து, ஹவுசிங்கைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மணி பதினொன்றே கால். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஒரு இரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கணக்கு அவளுக்குத் தெரியும், இந்த அளவு இரும்பு ஒரு டிகிரி ஆறினால் துளை முக்கால் மைக்ரானுக்குச் சற்று மேலே சுருங்கும் என்று இம்தியாஸ் ஒருநாள் டீ குடிக்கும்போது சொல்லியிருந்தான். அவளுக்கு மாற்று ஷிஃப்டில் இதே போரிங் மெஷினை ஓட்டுகிறவன், அவளைவிட ஆறு வயது பெரியவன். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் முப்பது காட்டுகிறது. ஹவுசிங் நாற்பத்து நாலு டிகிரியில் இருந்தால் பதினாலு டிகிரி ஆறும், பதினொரு மைக்ரான் சுருங்கும், முப்பதில் வந்து நிற்கும், பிழைத்தாள். நாற்பது டிகிரி என்றால் எட்டுதான் சுருங்கும், முப்பத்து மூன்று, செத்தாள். வலது உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், சூடாகத்தான் இருந்தது, நாற்பதா நாற்பத்து நாலா என்று உள்ளங்கைக்கு எப்படித் தெரியும், இடது கையை வைத்தால் அதைவிட அதிகமாகச் சுடுவதுபோல இருந்தது, இடது கை அவள் பக்கம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு கையையும் எடுத்துவிட்டாள், ஏனென்றால் கையும் சூடுதான், வைத்தால் இரும்புக்கு ஏறும். ஃபேன் காற்று முகத்தில் அடித்தது, இரும்புத் தூள் வாசனை, மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும், வீட்டில் அம்மா அந்தக் கைக்குட்டைகளைத் தனியாக ஊறப்போடுகிறாள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவுக்கு நன்றி என்று ஒருநாள் சொல்லியிருக்கலாம். சொன்னால் உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்பாள். முப்பதுக்குள் வராவிட்டால் பிசிறு மேசை. ஆகஸ்டில் ஒன்று கெடுத்தபோதே குணசீலன் சொல்லிவிட்டார், இன்னொண்ணு போச்சுன்னா மறுபடி பிசிறு மேசைதான் அம்மிணி, எனக்கு வேற வழி இல்லை. அது கொல்லைப்புற ஷெட்டில் இருக்கிறது, துளைகளின் ஓரத்தில் நிற்கிற பிசிறை அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும், காலை ஏழிலிருந்து, ஒன்றரை வருஷம் அங்கேதான் இருந்தாள், அங்கே யாரும் எதையும் அளப்பதில்லை, விரலால் தடவிப் பார்த்துக் கீறாவிட்டால் சரி. இந்த மெஷினுக்கு அவள் வந்து ஐந்து மாசம்தான் ஆகிறது. முதல் துளை ஓட்டிய அன்று டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள், சாம்பல் நிறத்தில் அவ்வளவு மெல்லிசாக, அவ்வளவு சமமாக, ஒரு கோடுகூட இல்லாமல், இதை நானா செய்தேன் என்று இருந்தது, யாரும் இல்லாதபோது சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினாள், தொட்டால் வேர்வையில் துருப்பிடிக்கும் என்று தெரியும், தொட்டுவிட்டு எண்ணெய் தடவினாள். அந்த இடத்தை விட்டு மறுபடி ஷெட்டுக்கா.

எங்கே தப்பு. டூல் சரியான டூல், இம்தியாஸ் ஆயுத பூஜைக்கு முன்னாலேயே செட் பண்ணி வைத்தது, அப்போதே அது ஐந்து ஹவுசிங் ஓட்டியது, ஐந்தும் பதினைந்து பதினாறு என்று நடுவாந்தரமாக விழுந்தன. டூலின் நுனியை வெளியே தள்ளி அளவு வைக்கிற டயலின் எண் மாறவில்லை, சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்ததோடு ஒத்துப் பார்த்தாள். டயலை அவள் திருப்பவே இல்லை. திருப்பியிருந்தால் தாண்டிப் போய்ப் பின்னால் இழுத்திருக்கலாம், எப்போதும் பெருக்குகிற பக்கமாக மட்டும் வந்து நிறுத்த வேண்டும், தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்று பின்னால் போய் மறுபடி வர வேண்டும், இல்லாவிட்டால் மரையில் இருக்கிற காலி இடம் ஆளைக் கவிழ்க்கும். ஆனால் திருப்பவில்லையே. டயலைப் பூட்டுகிற லாக் ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது, சாவி போட்டுப் பார்த்தாள். இன்சர்ட், அந்த நகத்துண்டு அளவு வெட்டும் முனை, அது உடைந்திருந்தால் துளை சின்னதாகத்தான் போகும், பெரிசாகாது. டயலை எடுத்துக்கொண்டால், டயலைத் திருப்பவில்லை. லாக் ஸ்க்ரூ இறுக்கம். இன்சர்ட் நல்ல இன்சர்ட். டயலைத் திருப்பவில்லை. இப்படியே சுற்றிச் சுற்றி வந்தாள், சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தில் மட்டும் கால் தடுக்கியது, ட்ரையல் கட் போடவில்லை. துளையின் வாயோரத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் மட்டும் சற்றுச் சின்னதாக ஓட்டி, அளந்து பார்த்துவிட்டு அப்புறம் முழுசாக ஓட்டுவது, அதைப் போடவில்லை, ஐந்து ஓடின டூல்தானே, எண்ணும் அதே எண்தானே, எதற்கு ஒரு மணி நேரத்தை விரயம் பண்ண வேண்டும் என்று நேராக விட்டுவிட்டாள். சரி, அது அவசரம், ஒத்துக்கொள்கிறாள். ஆனால் ட்ரையல் கட் போடாதது துளையைப் பெரிசாக்காது. அது நெருப்புப் பிடித்த பிறகு தண்ணீர் இல்லாதது மாதிரி. நெருப்பு எங்கிருந்து வந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ரிங்கில் பார்த்துவிட்டுத் துளையில் விட்டாள். முப்பத்தேழு. நாலு இறங்கியிருக்கிறது. அரை மணி நேரத்தில் நாலு. வாய்விட்டு நன்றிடா என்றாள், யாரிடம் என்று தெரியவில்லை, ஹவுசிங்கிடமாக இருக்கும், பக்கத்து மில்லிங் மெஷினில் நின்றவர் திரும்பிப் பார்த்தார், “என்ன தெய்வா, கல்யாணம் பேசி முடிச்சுட்டியா அதுகூட?” என்றார், “மாப்பிள்ளை இன்னும் மூணு மைக்ரான் எறங்கி வரணும்ங்ணா, வரதட்சணை பத்தலை” என்றாள். மூன்று அல்ல, ஏழு. ஏழு இறங்க வேண்டும். ஆறுகிற பொருள் முதலில்தான் வேகமாக ஆறும், போகப்போக மந்தமாகும், டம்ளர் டீயே அப்படித்தான், கடைசிச் சூடு போகவே போகாது. இதை ஃபிசிக்ஸில் படித்தாள், பிளஸ் ஒன்னில், படித்த ஒரே உருப்படியான விஷயம். அந்த லேபில் ஒரு இரும்புக் குண்டைக் கொடுத்து வெர்னியரில் அளக்கச் சொன்னார்கள், அவள் குண்டை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி அளந்தாள், இரண்டு புள்ளி மூன்று ஆறு வந்தது, மற்ற எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் இரண்டு புள்ளி மூன்று நாலு என்று எழுதினார்கள், போன வருஷத்து நோட்டில் அப்படித்தான் இருந்ததாம். மிஸ் அவள் நோட்டை எடுத்துச் சிவப்பில் அடித்துவிட்டு, சரியான வேல்யூ எழுது என்றார். குண்டு தேஞ்சு போய் வேற குண்டு வாங்கியிருப்பீங்க மிஸ், நீங்களே அளந்து பாருங்க என்றாள். வகுப்பே சிரித்தது. வெளியே நில் என்றார்கள், நின்றாள். அதற்காகத்தான் பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று சொன்னால் பொய், காலையில் எழுந்து அந்தப் பையைத் தூக்கவே பிடிக்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் நின்றுவிட்டாள், அவ்வளவுதான். ஆனாலும் இங்கே வந்து முதன்முதலில் போர் கேஜைக் கையில் கொடுத்து, எவ்வளவுன்னு பாரு என்று சொல்லி, அவள் பன்னிரண்டு என்றதும் இம்தியாஸ் மறுபேச்சில்லாமல் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டானே, அப்போது அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இரும்புத் தூள் போயிடுச்சுங்ணா என்றிருப்பாள்.

சும்மா நிற்க முடியாமல் ரிஜெக்ட் ஃபைலை எடுத்துப் புரட்டினாள், ஒருவேளை இதே மாதிரி யாருக்காவது பெரிசாகப் போயிருந்தால் காரணம் எழுதியிருப்பார்களே. ஒவ்வொரு தாளிலும் கடைசிக் கட்டம் ‘காரணம்’. கரண்ட் கட். கரண்ட் கட். கரண்ட் கட். ஒரு தாளில் மட்டும் மெட்டீரியல் தப்பு என்று இருந்தது, மறுபடி கரண்ட் கட். இந்தப் பட்டறையில் ஜெனரேட்டர் இருக்கிறது, கரண்ட் போனால் மெஷின் தானாகப் பின்வாங்கி நிற்கும், மூன்று வருஷத்துத் தாளைப் பார்த்தால் ஊரில் விளக்கே எரிந்ததில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். இம்தியாஸின் கையெழுத்தில் ஒன்று இருந்தது, ரெண்டு வருஷத்துக்கு முந்தினது, கரண்ட் கட். அப்புறம் அவளுடைய கையெழுத்திலேயே ஒன்று, ஆகஸ்ட், கரண்ட் கட். அவளுக்குக் காது சுட்டது. அன்று லாக் ஸ்க்ரூவைத் தளர்த்தாமல் டயலைத் திருப்பிவிட்டாள், டயல் நகர்ந்தது, முனை நகரவில்லை, திருகு உள்ளே முறுக்கிக்கொண்டு நின்று, வெட்டும்போது பாதித் துளையில் திடீரென்று விட்டுக்கொடுத்தது, துளைக்குள்ளே படி விழுந்துவிட்டது. கரண்ட் கட்னு எழுது அம்மிணி என்றார் குணசீலன், எழுதினாள், அவள்தான், பள்ளிக்கூடத்தில் இரண்டு புள்ளி மூன்று ஆறுக்காக வெளியே நின்றவள்.

சந்தன வாசனை அடித்தது. ஃபேன் காற்றில் வந்து போனது. குணசீலன் நெற்றியில் வைத்திருப்பார், ஆனால் அவர் இங்கே இல்லை. மெஷின் கதவில் பூஜைக்குக் கட்டின செவ்வந்தி மாலை காய்ந்து தொங்குகிறது, அதில் சந்தனம் இல்லை. விட்டுவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு அளந்தாள், முப்பத்தாறு. பன்னிரண்டேகாலுக்கு முப்பத்தைந்து. மந்தமாகிவிட்டது, மந்தமாகிவிட்டது, முப்பதுக்கு இன்னும் ஐந்து. கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் விட்டுவிட்டது, வெறும் வெதுவெதுப்பு, இதற்குள் இன்னும் ஐந்து மைக்ரான் இருக்குமா, இருக்காது, இருந்தால் நன்றாக இருக்கும், இருக்காது. பிசிறு மேசையில் அவள் விட்டுவிட்டு வந்த அரம் இன்னும் அதே ஆணியில் தொங்கும். மறுபடி அந்தச் சந்தனம். இப்போது மாலைப் பக்கமிருந்து வரவில்லை, டூலை மாட்டிச் சுற்றுகிற ஸ்பிண்டில் பக்கமிருந்து வந்தது, ஓடி நின்ற ஸ்பிண்டிலும் சூடாக இருக்கிறது, சூடான சந்தனம்தான் இப்படி மணக்கும். அவளுக்கு வியர்த்தது. புதன்கிழமை மத்தியானம். ஆயுத பூஜை. பட்டறையில் ஒரே பெண் நீதான், நீதான் பொட்டு வைக்கணும் என்று சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டார்கள், அவளுக்குச் சுர்ரென்று வந்தது, ஏன், உங்களுக்கெல்லாம் விரல் இல்லையா என்று கேட்டாள், கேட்டுவிட்டு வைத்தாள், லேத்துக்கு ஒன்று, ட்ரில்லிங்குக்கு ஒன்று, கம்ப்ரசருக்கு, வாசல் கதவுக்கு, குணசீலன் வண்டிக்கு, சுவரில் சொட்டுச் சொட்டாகத் தெறிக்க அப்பிக்கொண்டே போனாள். இம்தியாஸ் பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரையும்விட அதிகமாகக் கடலை பொறுக்கித் தின்றுகொண்டு, “நம்ம மெஷினுக்கு நெறைய வை தெய்வா, நானும் பாதிச் சம்பளம் அதுலதான் வாங்கறேன்” என்றான். நம்ம மெஷின் பக்கம் வந்ததும் அவள் வேகம் தானாகக் குறைந்தது. அலமாரியில் டூல் பொருத்தின தண்டுகளான ஒன்பது போரிங் பாரும் வரிசையாக நின்றன, கூம்பு மேலே தெரிய. ஸ்பிண்டிலுக்குள் போய் உட்காருகிற அந்தக் கூம்பை, டேப்பர் என்பார்கள், அதைத்தான் எல்லாவற்றையும்விட நன்றாகத் தீட்டியிருப்பார்கள், முகம் தெரியும். அவளுக்கு அப்போது என்னவோ செய்தது. இந்த ஐந்து மாசத்துக்கு யாரிடமாவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்ல அவளுக்கு வராது, அதனால் மூன்று விரலில் சந்தனத்தை எடுத்து டேப்பரைச் சுற்றிப் பட்டையாகப் பூசினாள், ஒவ்வொன்றுக்கும், பார்த்துப் பார்த்து, நடுவில் குங்குமம் வைத்து. முதல் பாருக்கு, எண்பது மில்லிமீட்டர் துளை ஓட்டுகிற இந்தப் பாருக்கு, ரெண்டு தரம் பூசினாள்.

டூலைக் கழட்டாதே என்று சொல்லியிருந்தார்கள். கழட்டினாள். கையுறையோடு பாரைப் பிடித்துப் பட்டனை அமுக்கினதும் கையில் கனமாக இறங்கியது, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் காட்டினாள். டேப்பரின் நடுவில் அரை வட்டமாக மஞ்சள் கோடு, ஸ்பிண்டில் அழுத்தி அழுத்தி அதைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருந்தது, நகத்தால் சுரண்டினாள், ஏடாகப் பெயர்ந்தது. புதனிலிருந்து திங்கள் வரை காய்ந்த சந்தனம், இவ்வளவு கெட்டியாகும் என்று யாருக்குத் தெரியும். காலையில் ஒரு பெரிய துகளைத் தட்டிவிட்டாள், ஞாபகம் வந்தது, பொட்டு உதிர்ந்துவிட்டது என்று நினைத்து, துடைத்துப் பார்க்காமலே மாட்டிவிட்டாள். ஒரு பக்கம் சந்தனம் தாங்கிக்கொள்ள, பார் இம்மியளவு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, சாய்ந்தால் நுனி வெளியே தள்ளும், நுனி வெளியே தள்ளினால் துளை பெரிசு. அவ்வளவுதான். நெருப்பு இதுதான். அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சிரிப்பு. அப்படியே சிரிப்பு நின்று, அலமாரியில் நிற்கிற மற்ற எட்டும் கண்ணில் பட்டன, மஞ்சளும் சிவப்புமாக, கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரி வரிசையாக.

“அடியேய், என்ன பாரைக் கையில வெச்சுட்டு முருகன் வேல் மாதிரி நிக்கறே?” ஒன்றரை மணி ஷிஃப்டுக்கு இம்தியாஸ் எப்போதும் முன்னாலேயே வந்துவிடுவான், டிபன் பாக்ஸைச் சுழற்றிக்கொண்டு வந்தான், டேப்பரைப் பார்த்தான், டிபன் பாக்ஸ் நின்றது.

“நாப்பத்தொண்ணுங்ணா. இப்ப முப்பத்தஞ்சு. நான்தான் பூசுனேன்.”

“ஒன்பதுக்கும் பூசிட்டயா?”

“நீங்கதான நெறைய வைன்னீங்க.”

“நான் மெஷின் மண்டையில வைன்னேன், வயித்துக்குள்ள வைன்னா சொன்னேன்?” என்றவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பெஞ்சுக்கு அடியிலிருந்து சுத்தத் துணியும் மண்ணெண்ணெய் டப்பாவும் எடுத்தான், இரண்டாவது பாரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான், அவளுக்கு ஒரு துணியை எறிந்தான். இருவருமாகத் துடைத்தார்கள். துடைத்து, வெளிச்சத்தில் திருப்பி, விரல் நுனியால் சுற்றி வந்து, எண்ணெய் ஒற்றி, மாட்டிவைத்தார்கள்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஃபைல்ல உங்குளுது ஒண்ணு இருக்குது. கரண்ட் கட். அன்னிக்கு என்ன ஆச்சு?”

அவன் துணியை மடித்தான். “லாக் ஸ்க்ரூ தளத்தாம டயலைத் திருப்பிட்டேன். உள்ள படி விழுந்துருச்சு.”

“எனக்கும் அதான் ஆச்சு. ஆகஸ்டுல.”

“தெரியும்.”

“நீங்க அப்ப எழுதி வெச்சிருந்தா நான் படிச்சிருப்பேன்ல?”

அவன் காது சிவந்தது. பிறகு, “செட்டிங் நான் பண்ணுனதுதான். என் பேரைப் போட்டு எழுதிரு. எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பழைய ஆளு, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு விட்டுருவாங்க. உன்னைத்தான் ஷெட்டுக்கு அனுப்பிருவாங்க” என்றான், அவளைப் பார்க்காமல், எட்டாவது பாரைத் துடைத்துக்கொண்டே. இந்த ஆள் மேல் கோபப்படவும் முடியவில்லை. சொல்ல வேண்டியது என்னவென்று தெரிந்தது, சொன்னால் குரல் கெட்டுப்போகும். “துடைங்ணா, அந்த ஓரத்துல இன்னும் ஒட்டியிருக்குது” என்றாள்.

ஒரு மணிக்குக் குணசீலன் வந்தார், கையில் அவளுக்கும் சேர்த்து ரெண்டு டீ. அவர்கள் முன்னாலேயே ரிங்கில் பூஜ்யம் பார்த்தாள், துளையில் விட்டாள், ஆட்டினாள். முள் இறங்கியது. முப்பத்தைந்து, முப்பத்து நாலு, திரும்பாதே, இன்னும் கொஞ்சம் இறங்கு, இறங்கு, முப்பத்து மூன்று, திரும்பிவிட்டது. மூன்று தடவை ஆட்டினாள். முப்பத்து மூன்று. நாற்பது டிகிரிதான் இருந்திருக்கிறது, வலது கை சொன்னதுதான் சரி. எட்டு மைக்ரானைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, தன்னால் முடிந்த அத்தனையையும் கொடுத்துவிட்டது, இரும்பின் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாரை எடுத்து வந்து டேப்பரில் மிச்சமிருந்த மஞ்சளைக் குணசீலனிடம் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாதவர் முகம்.

“டூலைக் கழட்டாதேன்னேன்.”

“கழட்டிட்டேன் சார்.”

“சரி, கேளு” என்றார், குரலைத் தணித்து. “மூணு மைக்ரான். நான் பேசுனா கஸ்டமர் ஒத்துக்குவான், அந்த எடத்துல லோடு கம்மி. ஆனா ரிப்போர்ட் மேனேஜர் கைக்குப் போகும், கஸ்டமர் கைக்கும் போகும். கரண்ட் கட்னு எழுது. நீ இந்த மெஷின்லயே இருப்பே. வேற எதாச்சும் எழுதி வெச்சீன்னா, சந்தனம் பூசுன கதையெல்லாம் அவங்க படிச்சாங்கன்னா, அப்பறம் என்னால உன்னைக் காப்பாத்த முடியாது. உனக்காகத்தான் சொல்றேன், அம்மிணி.”

அவளுக்காகத்தான் சொல்கிறார், அது அவளுக்குத் தெரியும், ஃபேனை இழுத்து வைத்ததும் அவர்தான், டீ வாங்கி வந்ததும் அவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். டீயை ஒரே மடக்காகக் குடித்தாள், நாக்குச் சுட்டது, நல்லதுதான். இம்தியாஸ் அந்தப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்த பாரை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். ஃபைலைத் திறந்தாள், புதுத் தாள், ஹவுசிங் எண், தேதி, அளவு முப்பத்து மூன்று, ஆபரேட்டர் தெய்வானை. காரணம். அடுத்து யாராவது இந்தத் தாளைப் புரட்டுவார்கள், முள் நாற்பத்தொன்றில் திரும்பின யாரோ, சும்மா நிற்க வராத யாரோ. அவர் எழுதச் சொன்ன இரண்டு வார்த்தையை எழுதவில்லை. பேனா ஒரு தடவை விட்டு விட்டு எழுதியது, உதறிவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்று மெதுவாக எழுதினாள்.

டூலின் டேப்பரில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பூஜையன்று வைத்தது நான்தான். ஒவ்வொரு முறை மாட்டும் முன்பும் டேப்பரைத் துடைத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் துடைக்கவில்லை.